மூடாத குழாய்

எங்கள் தெருமுனைக் குழாய்க்குத் திருகு கிடையாது. கொல்கத்தாவின் பழைய தெருக்கள் பலவற்றில் அப்படித்தான். காலையில் தண்ணீர் விட்டதும் தானாகக் கொட்ட ஆரம்பிக்கும், எங்கோ யாரோ நிறுத்தும்போது தானாக நிற்கும். நடுவில் யாராவது குளிப்பார்கள், டாக்ஸி கழுவுவார்கள், மீன் வாங்கி வருகிறவர்கள் பையை அலசிக்கொண்டு போவார்கள். ஒருவரும் இல்லாத நேரத்திலும் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும். நான் கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்தவன். கல்லூரிக்கு வந்தது முதல் கொல்கத்தாதான். அந்தக் குழாயைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன். அதை ஒரு விஷயமாக நான் நினைத்ததே இல்லை.

என் மனைவி மெட்ராஸ்காரி, சைதாப்பேட்டை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, லேக் கார்டன்ஸில் நான் குடியிருந்த மாடிப் பகுதிக்கு வந்து சேர்ந்த முதல் காலை, பால்கனியில் நின்றுகொண்டு கேட்டாள்.

"யாருங்க அது, குழாயை மூடாமப் போனது?"

"யாரும் இல்ல. அதை மூட முடியாது. திருகே கிடையாது."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாள். புதுப்பெண் என்றும் பார்க்காமல் விடுவிடுவென்று கீழே இறங்கிப் போய், குழாயைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். காப்பி டம்ளரை என் முன்னால் ணங்கென்று வைத்தாள். அந்த ஊரையே நான்தான் அப்படிக் கட்டி வைத்தேன் என்பது போல இருந்தது முகம்.

அவள் வளர்ந்த தெருவில் தண்ணீர் லாரியில் வரும். வரும் நாள் தெரியும், நேரம் தெரியாது. அடிபம்பு வரிசையில் குடத்தை வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தே பி.காம். பரீட்சைக்குப் படித்தவள் அவள். கல்யாணச் சீராக அவள் அப்பா பாத்திரங்களோடு இரண்டு பிளாஸ்டிக் குடங்களையும் ரயிலில் ஏற்றியபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. உள்ளே புடவைகளைத் திணித்து வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். கொல்கத்தாவில் குடம் கிடைக்காதா என்று நான் முணுமுணுத்தேன். "தண்ணி பிடிக்கத் தெரியாத ஊர்ல நல்ல குடம் எப்படிங்க கிடைக்கும்?" என்றாள் அவள். அவள் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் ஒருமுறை மட்டும் பயன்பட்ட நாள் கிடையாது. அரிசி களைந்த முதல் தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகும், இரண்டாவது தண்ணீரில் பாத்திரம் ஊறும். துணி அலசிய கடைசித் தண்ணீர் வீடு துடைக்க. குளிக்கும்போது காலடியில் ஒரு அகலமான பேசினை வைத்து அதற்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் கக்கூஸுக்கு. நான் ஆறடிக்குச் சற்றுக் குறைந்த ஆள். பேசினுக்குள் கொக்கு மாதிரி நின்று மொண்டு ஊற்றிக்கொள்வதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வரும். ஃப்ளஷ் தொட்டிக்குள் ஒரு செங்கல்லைப் போட்டாள். குளியலறைக் குழாய் சொட்டியது. பிளம்பர் வரும் வரை காத்திருக்காமல், குழாய் வாயில் ஒரு நூலைக் கட்டி வாளிக்குள் தொங்கவிட்டாள். சொட்டு நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போகும். பிளம்பர் வரவே இல்லை, நூல் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

தண்ணீரோடு நிற்கவில்லை. தெருமுனை டீக்கடையில் குடித்துவிட்டுத் தூக்கியெறிகிற மண் குவளைகளை, அங்கே பாண்ட் என்பார்கள், உடையாததாகப் பொறுக்கி வரச் சொல்வாள். அலுவலகத்திலிருந்து வரும்போது என் கைப்பையில் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் நாலைந்து மண் குவளைகள் இருக்கும். அவற்றில் தக்காளி நாற்று விடுவாள். தயிர் வாங்கிய சட்டிகளில் கொத்துமல்லி. காய்கறித் தோலெல்லாம் மொட்டைமாடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய வாளிக்குள் மக்கும். லேக் மார்க்கெட்டில் நம் ஊர் மளிகைக்கடைக்காரர் பாலிதீன் பையை எடுப்பதற்குள் மஞ்சள் பையை அவர் மூக்குக்கு நேராக நீட்டுவாள். எதுவும் கொள்கை கிடையாது. சுற்றுச்சூழல் என்ற வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதில்லை. வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

கீழே வீட்டுக்காரம்மா குடியிருந்தார். மாஷிமா என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷி. ஆனால் மனதில் தோன்றியதைக் கீழ்வீட்டிலிருந்து மேல்வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிடுவார். என் மனைவி மழைத் தண்ணீருக்காக மொட்டைமாடியில் இரண்டு டிரம்களை வைத்து, கூரைக் குழாயை அவற்றுக்குள் திருப்பிவிட்டபோது, மாஷிமா மூச்சு வாங்க மாடியேறி வந்து பார்த்தார். ஒரு பக்கம் ஏரி, ஊரைத் தொட்டுக்கொண்டு கங்கை, மூன்று மாதம் விடாத மழை, முழங்கால் வரை தேங்கும் தெரு. இதற்கு நடுவில் ஒருத்தி மழையைப் பிடித்து வைக்கிறாள்.

"ஜோல் தோ ஆச்சே," என்றார். தண்ணிதான் இருக்கிறதே என்று அர்த்தம்.

"இருக்கும்போதுதான் மாஷிமா சேர்த்து வைக்க முடியும்," என்று என் மனைவி தனக்குத் தெரிந்த வங்காளியில் பதில் சொன்னாள். மாஷிமா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மறைப்பானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதலில் கேலி செய்த நானே கொஞ்சம் கொஞ்சமாக அவள் கட்சிக்குப் போய்விட்டேன். சவரம் செய்யும்போது குழாயை மூடினேன். அலுவலகத்தில் கைகழுவும் இடத்தில் யாராவது திறந்துவிட்டுப் போனால் எழுந்துபோய் மூடிவிட்டு வந்தேன். 'மெட்ராஸ் பாபு' என்று சகாக்கள் எனக்குப் பெயர் வைத்தார்கள். மெட்ராஸில் நான் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் இருந்ததில்லை. ஒரு கோடையில் மின்சாரக் கோளாறால் வீட்டு மோட்டார் ஓடாமல், தெரு முழுக்க வாளியோடு அலைந்தபோது, எங்கள் வீட்டிலிருந்துதான் மாஷிமாவுக்கும் எதிர்வீட்டுக்கும் தண்ணீர் போயிற்று. பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கியதை எதிர்வீட்டு பௌதி, நம் ஊரில் அண்ணி என்பது போல, வேடிக்கை பார்த்துவிட்டு, தானும் அப்படித் தூக்கிப் பார்க்க ஆசைப்பட்டுப் பாதித் தண்ணீரைப் புடவையில் கொட்டிக்கொண்டார். அன்று முழுக்க என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில்தான் கிடப்பாள். மண் குவளை நாற்றுகளுக்குச் சின்னச் சொம்பால் தண்ணீர் ஊற்றுவது அவளுடைய வேலை.

மழைக்காலத்தின் கடைசியில், துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்த சமயம், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். டாக்டர் வைரல் என்றார். இறங்கியது, மறுபடி ஏறியது. ஏறும்போது பல் கிட்டி உடம்பு தூக்கிப் போட்டது. ரத்தப் பரிசோதனையில் மலேரியா என்று வந்தது. அதிலும் மோசமான வகை, மூளைக்குப் போகக்கூடியது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்த்த அன்று சாயங்காலம் அவள் எங்களை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். கூப்பிட்டால் கண் திரும்பவில்லை.

அந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். எழுதினால் எனக்கு உடம்பு சரியில்லாமல் போகும். கொய்னா மருந்து சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது. நானும் என் மனைவியும் கட்டிலுக்கு இரண்டு பக்கம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். செய்வதற்கு ஒன்றுமே இல்லை. நெற்றியில் ஈரத்துணி போடுகிற வேலையைக்கூட நர்ஸ் வாங்கிக்கொண்டார்.

நான் மாற்றுத் துணி எடுக்க ஒருமுறை வீட்டுக்குப் போனபோது மாநகராட்சி ஆட்கள் வந்திருந்தார்கள். மலேரியா என்று பதிவான வீடுகளையும் சுற்றுப்புறத்தையும் பார்ப்பது அவர்கள் வேலை. எங்கள் மொட்டைமாடியில் ஏறினார்கள். டிரம்களின் வாயில் என் மனைவி பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டித்தான் வைத்திருந்தாள், கொசு போகக்கூடாது என்றுதான். ஆனால் அந்த வருஷ மழையில் ஒரு டிரம் விளிம்பு வரை நிரம்பி, துணி நடுவில் தொய்ந்து, துணிக்கு மேலேயே ஒரு கை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. வந்தவர் டார்ச் அடித்துக் காட்டினார். சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டிருந்தன. மற்ற டிரம்மில் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டை ஒட்டி அப்போது ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கான்கிரீட்டுக்காகக் கட்டிய தொட்டி குளம் மாதிரி திறந்து கிடந்தது. அதிலும் இருந்தது என்றார்கள். மூன்றாவது வீட்டு மேல்தொட்டியிலும் இருந்தது. இரண்டு டிரம்மையும் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் மொட்டைமாடி முழுக்கப் பரவிக் கீழே வழிந்தது.

இதை அவளிடம் சொல்லக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். அதாவது, இப்போது சொல்லக்கூடாது, பிள்ளை கண் விழித்த பிறகு ஒருநாள் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று. ஆனால் அன்று மதியமே மாஷிமா ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். காளி கோயில் பிரசாதப் பூவைப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்துவிட்டு, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாகத்தான் சொன்னார்: இனிமேல் பயமில்லை, மாடியில் இருந்த டிரம்மைக் கொட்டிவிட்டார்கள், அதில்தான் கொசு முட்டையிட்டிருந்ததாம். அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. அவர் சொன்னது தப்பு இல்லை என்பதால் அந்தக் கோபத்தை எங்கேயும் கொண்டுபோய் வைக்கவும் முடியவில்லை.

மாஷிமா போன பிறகு அவள் என்னிடம் கேட்டாள்.

"எந்த டிரம்முங்க?"

"எதுவா இருந்தா என்ன. பக்கத்துக் கட்டடத்துத் தொட்டியிலகூட இருந்துச்சாம். மூணாவது வீட்டுல இருந்துச்சாம்."

"எந்த டிரம்முன்னு கேட்டேன்."

"படிக்கட்டுப் பக்கம் இருக்கறது."

தலையை ஆட்டினாள். அது பிள்ளை சொம்பில் தண்ணீர் மொள்ளும் டிரம். துணியை ஓரமாக விலக்கி மொண்டு, மறுபடி மூடச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மகளுக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

நான் பேசினேன். அன்றும் பேசினேன், அதன் பிறகு எவ்வளவோ பேசினேன். கடித்த கொசு எந்த வீட்டுக் கொசு என்று யாருக்குத் தெரியும்? நம் தெருவில் முதலில் காய்ச்சல் வந்தது நம் வீட்டில் இல்லையே? அந்தக் கட்டடத்துத் தொட்டி எவ்வளவு பெரியது, நம் துணி மேல் நின்றது எவ்வளவு? சாயங்காலம் பிள்ளை எதிர்வீட்டில்தானே விளையாடுவாள்? எல்லாம் நியாயமான கேள்விகள். வக்கீல் வைத்தாலும் இதற்கு மேல் பேசியிருக்க முடியாது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வாள், முடித்ததும் "ஆமாங்க" என்பாள். அந்த 'ஆமாங்க' வந்தால் நான் சொன்ன ஒரு எழுத்துகூட உள்ளே போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை பிழைத்தாள். ஒரு காலையில் கண் திறந்து, காதுக்குள் யாரோ மணி அடிக்கிறார்கள் என்று பாதித் தமிழும் பாதி வங்காளியுமாகப் புகார் சொன்னாள். மருந்தினால் அப்படி இருக்கும், போய்விடும் என்றார் டாக்டர். நான் வராந்தாவுக்கு வந்து சுவரில் முகத்தை வைத்து அழுதேன். என் மனைவி அழவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்த அன்றே குடங்களைக் கவிழ்த்தாள். பேசின், வாளி, சொம்பு, தயிர்ச்சட்டி, மண் குவளை எல்லாம். நாற்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மண்ணைக் கொட்டினாள். நூலை அறுத்தாள். எனக்கு அது புரிந்தது. நானும் கூடவே நின்று உதவி செய்தேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

புரியாதது அதன் பிறகு வந்ததுதான். சமையலறையில் குழாய் திறந்திருந்தது. அவள் அடுப்புப் பக்கம் நின்று எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து மூடினேன். கரண்டியை வைத்துவிட்டு வந்து மறுபடி திறந்தாள். நூல் பருமனுக்கு, ஆனால் விடாமல் ஓடும்படி.

"எதுக்கு?"

"நிக்கற தண்ணியிலதாங்க வரும். ஓடறதுல வராது."

"சிங்க்ல என்ன நிக்கப்போவுது? குழாயை மூடினா உள்ள தண்ணியே இல்லையே."

"அடியில, சாக்கடைக்குப் போற வளைவுல நிக்கும். இது ஓடினா அது நிக்காது."

அவள் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி ஒரு கணக்கு. காலையில் அவள் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை அந்தக் குழாய் ஓடும். குளியலறைக் குழாயும் அப்படியே. அரிசியைப் பாத்திரத்தில் களைய மாட்டாள், சல்லடையில் போட்டு ஓடுகிற தண்ணீரின் கீழே பிடித்துக்கொண்டு நிற்பாள். குடிக்கக்கூட வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்க விடமாட்டாள். மோட்டார் கெட்டுப்போன நாட்களில் நாங்கள்தான் இப்போது எதிர்வீட்டுப் படியில் பாட்டிலோடு நின்றோம்.

எனக்குப் பொறுமை குறைவு. இத்தனை வருஷம் பேசினுக்குள் நின்று குளித்தவன் நான். அந்தச் சத்தம் என் காதுக்குள் யாரோ ஊசி வைத்துக் குத்துவது போல் இருந்தது. ஒருநாள் அலுவலகத்தில் ஏதோ எரிச்சல், வீட்டுக்கு வந்தால் மூன்று குழாயும் ஓடுகின்றன. கத்தினேன். ஊரே தண்ணீருக்குச் செத்துக்கொண்டிருந்தபோது வளர்ந்தவள்தானே நீ என்று கேட்டேன். மூன்றையும் இறுக்கி மூடினேன். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் மனைவி வீட்டின் எல்லா மூலைகளையும் பார்த்தபடி நடு அறையில் நின்றாள். நானே போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் மூடியதில்லை.

என் மனைவியை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்றார். மாத்திரை கொடுத்தார், தூங்கினாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் மெட்ராஸிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்தார். அவர் கண்ணில் தெரிந்த அதிர்ச்சியைப் பார்த்து எனக்கு அவமானமாக இருந்தது, ஏதோ என் மாதிரி ஆளிடம் கொடுத்ததால் பெண் இப்படி ஆகிவிட்டாள் என்பது போல. என் மனைவி அவரிடம் சாதாரணமாகப் பேசினாள், சிரித்தாள், அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள். மற்ற எல்லா விதத்திலும் அவள் அவளாகவே இருந்தாள். அதுதான் கஷ்டம். முழுக்க மாறியிருந்தால் நோய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்றுதான் அவள் என்னிடம் கேட்டுக்கொண்டாள். மகளுக்குக் காய்ச்சல் வந்து பிழைத்தது தெரியும், எதனால் என்பது தெரியக்கூடாது. டிரம் பற்றி, சொம்பு பற்றி, யாரும் அவளிடம் சொல்லக்கூடாது. "அவ மொண்ட தண்ணின்னு தெரிஞ்சா அவளுக்கும் இதே மாதிரி ஆயிடும்ங்க," என்றாள். 'இதே மாதிரி' என்று தன்னைத்தான் சொன்னாள். ஆக, தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நான் சரி என்றேன். மாஷிமாவிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அந்த விஷயத்தில் அவர் வாயைத் திறக்கவே இல்லை, அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வருஷங்கள் ஓடின. மகள் வங்காளிப் பெண்ணாகவே வளர்ந்தாள். தமிழ் பேசினால் எல்லாச் சொல்லும் ஒரு உருண்டையாக வரும். நினைவில் மொட்டைமாடித் தோட்டமெல்லாம் துடைத்துவிட்டது போல இல்லை. அவளைப் பொறுத்தவரை அம்மா என்றால் குழாயைத் திறந்து வைக்கிறவள். மற்ற அம்மாக்களுக்கு முட்டி வலி, இவளுக்கு இது.

மகள் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது பள்ளிக்கூடங்களில் சுற்றுச்சூழல் ஒரு பாடமாகியிருந்தது. வீட்டிலேயே தண்ணீரையும் பொருள்களையும் சேமிக்க எளிய வழிகள் என்ன, உங்கள் வீட்டில் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள், பெரியவர்களைக் கேட்டு ஒரு சார்ட் செய்து வாருங்கள் என்று மிஸ் சொல்லியிருந்தார். மகள் நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"மா, வீட்ல தண்ணி சேமிக்க என்ன வழி? சொல்லு, நான் எழுதணும்."

இந்தக் கேள்விக்கு அந்தத் தெருவில், ஏன் அந்த ஊரிலேயே, என் மனைவியைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவள் சல்லடையில் அரிசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு என்ன தெரியும். அப்பாவைப் போய்க் கேளு."

மகள் என்னிடம் வந்தாள். தெரியாது என்று நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்ததும் நிற்கவில்லை. கறிவேப்பிலைத் தொட்டிக்கு அரிசித் தண்ணீர், பேசின் குளியல், தொட்டிக்குள் செங்கல், குழாயில் கட்டிய நூல், தயிர்ச்சட்டியில் கொத்துமல்லி, மக்குகிற வாளி, எல்லாம் வரிசையாக வந்தன. மழைத் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மகள் எழுத எழுத அவள் கண் விரிந்தது.

"இதெல்லாம் உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"மெட்ராஸ்ல எல்லாரும் செய்வாங்க."

"அம்மா மெட்ராஸ்தானே?"

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பழி மகள் தலையில் விழும். சொல்லாவிட்டால் அவள் அம்மா தலையில் விழும். இரண்டில் எது பரவாயில்லை என்று என் மனைவி எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அதில் எனக்கு ஓட்டு கிடையாது.

மகள் அத்தோடு விடவில்லை. ஒரு குவளையை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் குழாயின் கீழே பிடித்து, அது நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அவள் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். பெற்றோர் வர வேண்டும். ஒரு நீளமான கூடத்தில் சுவர் முழுக்கச் சார்ட்டுகள், மெழுகுவண்ண வாசனை. எங்கள் மகளுடையது வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது, சிறந்தது என்று ஒரு சிவப்பு நட்சத்திரம் ஒட்டி. ஆங்கிலத்தில் பெரிய தலைப்பு. ஒரு பக்கம் மீசை வைத்த நான், என் தலையைச் சுற்றிச் சின்னப் பெட்டிகளில் 'அப்பாவின் யோசனைகள்'. மறுபக்கம் புடவை கட்டிய ஒரு பெண், திறந்த குழாய், நீலமாக ஓடுகிற ஆறு. அதன் கீழே 'எங்கள் வீட்டில் அதிகம் வீணாக்குவது யார்?' என்ற கேள்வியும், 'அம்மா' என்ற பதிலும். குவளைக் கணக்கைப் பெருக்கி, ஒரு வருஷத்துக்கு இவ்வளவு என்று அடியில் எழுதியிருந்தாள்.

மிஸ் வந்து என்னிடம் பேசினார். இப்படி அக்கறையுள்ள அப்பாக்கள் அபூர்வம் என்றார். என் மனைவியைப் பார்த்து, குழந்தைகள் உண்மையைத்தான் எழுதுவார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சிரித்தார். எனக்கு அந்தச் சார்ட்டைக் கிழித்துக் கூடத்தின் நடுவில் நின்று கத்த வேண்டும் போல் இருந்தது. இவள்தான், எல்லாம் இவள்தான் என்று. மகள் பக்கத்தில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மிஸ்ஸுக்கு நன்றி சொன்னேன்.

என் மனைவி சார்ட்டை முழுக்கப் படித்தாள். அவசரப்படாமல், என் பக்கத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக, பிறகு தன் பக்கத்தை, பிறகு அடியில் இருந்த கணக்கை. அங்கே கூட்டல் சரியா என்று அவள் உதடு அசைந்தது, பி.காம். படித்தவள் ஆயிற்றே.

"கையெழுத்து நல்லா வந்திருக்கு," என்று மகளிடம் சொன்னாள்.

வெளியே வந்து நடந்தோம். மகள் நட்சத்திரம் கிடைத்த சந்தோஷத்தில் முன்னால் போய்விட்டாள். நான் என் மனைவியோடு சேர்ந்து நடந்தேன். எட்டு வருஷமோ என்னவோ, அடக்கி வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. இன்றைக்கு வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்லிவிடப் போகிறேன், இது அநியாயம், உன்னைப் பற்றி அவள் இப்படி எழுதியதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றேன்.

"எழுதட்டும்ங்க," என்றாள். "எழுதறதுக்கு அவ இருக்கா இல்ல."

நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. மகள் அதற்குள் ஒரு ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு, சீக்கிரம் வாருங்கள் என்று எங்களை வங்காளியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.